தழை வெட்டும் முன் அண்ணாந்து பாருங்கள்

(வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவரின் பண்ணை வானொலி உரை)



பங்குனி பிறந்து வெயில் ஏற ஆரம்பித்துவிட்டால், நம்ம திண்டுக்கல் சீமையில் ஊருக்கு ஊர் ஒரு வேலை நடக்கும். மேய்ச்சல் காய்ந்துபோகும். ஆட்டுக்குத் தழை வேண்டும். தொரட்டியையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு வரப்பு வேம்பிலும் கிணற்றடி வாகையிலும் கிளைகளைக் கழிக்க ஆரம்பித்துவிடுவோம். வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறை பக்கம் இது இல்லாமல் கோடையில் ஆட்டைக் காப்பாற்ற முடியாது. ஆகவே அதை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மரத்தில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் நாம் கிளை கழிக்கிற அதே நாளில்தான், அதே கிளையின் நுனியில், நம்மிடம் கூலி கேட்காமல் பூச்சி பொறுக்குகிற ஒரு ஜீவன் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறது. கரிக்குருவியைத்தான் சொல்கிறேன்.

ஒரே பறவைக்கு நம்ம ஊரில் எத்தனை பெயர் பாருங்கள். கரிக்குருவி, கரிச்சான், ரெட்டைவால் குருவி, கருவாட்டுவாலி, வலியன். எல்லாம் ஒன்றுதான். உடம்பு முழுக்க மின்னுகிற கறுப்பு. வால் நீளமாக இருந்து நுனியில் இரண்டாகப் பிரிந்து, மீன் வால் மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருக்கும். அலகு முதல் வால் நுனி வரை அளந்தால் 28 சென்டிமீட்டர், அதாவது ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. வாய் ஓரத்தில், பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும், ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும்.

வேறு கறுப்புப் பறவைகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வீட்டுப் பக்கம் வாலைத் தூக்கித் தூக்கி நடக்கிற, இறக்கையில் வெள்ளைப் பட்டை போட்ட குண்டுகரிச்சான் வேறு. அது மரப்பொந்தில் முட்டை வைக்கும். கிணற்றுக் கல்லிடுக்கிலும் மண்சுவர் ஓட்டையிலும் கூடு வைக்கிற கருஞ்சிட்டு வேறு. குயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது காக்கை வீட்டில் பிள்ளையை வளர்க்கவிட்டுப் பாடிக்கொண்டு திரியும். கொடைக்கானலில் வெள்ளைக்காரன் வைத்த தோட்டங்களிலும் சோலைகளிலும் மஞ்சள் அலகோடு தரையில் இலையைக் கிளறி இரை தேடுகிற ஒரு கறுப்புப் பறவை உண்டு. அது பூங்குருவி இனம். சீமையில் தோட்டந்தோறும் பாடுகிறது என்று இங்கிலீஷ்காரர்கள் புகழ்கிற பறவைக்கு நெருங்கிய சொந்தம். அது மலையோடு சரி. சமவெளியில் நமக்குக் கிடைத்த கறுப்பன் இந்த ரெட்டைவாலன்தான்.

இவன் எங்கே இருப்பான் என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உழுகிற டிராக்டருக்குப் பின்னாலேயே பறந்து வருவான். மேயும் மாட்டின் முதுகில் உட்கார்ந்து சவாரி செய்வான். மாடு காலெடுத்து வைக்கும்போது புல்லிலிருந்து துள்ளுகிற வெட்டுக்கிளியை லபக்கென்று பிடித்துக்கொண்டு மறுபடி முதுகுக்கே திரும்பிவிடுவான். கரும்புச் சோகை எரித்தால் புகையைப் பார்த்து எங்கிருந்தோ வந்துவிடுவான். சாயங்காலம் தெருவிளக்கு போட்ட பிறகும், மற்ற பறவைகள் எல்லாம் அடைந்த பிறகும், விளக்கைச் சுற்றுகிற அந்துப்பூச்சியைப் பிடித்துக்கொண்டிருப்பான். விடியற்காலையில் கோழிக்குப் போட்டியாக முதலில் குரல் கொடுப்பவனும் இவனே. திருப்பாவையில் ஆண்டாள் சொல்கிற ஆனைச்சாத்தன் இந்தப் பறவைதான் என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். மார்கழி இருட்டில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர்கள் அதை மறுக்கமாட்டார்கள்.

சரி, கூட்டு விஷயத்துக்கு வருவோம்.

வட இந்தியாவில் கரிக்குருவி சித்திரைக்குப் பிறகுதான் கூடு கட்டும், ஆவணி வரைக்கும் போகும். நம்ம தென்னாட்டில் அதற்கு முன்பே, மாசி பங்குனியில் ஆரம்பித்துவிடுகிறது. முதலில் ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளும். தோப்புக்குள்ளே அடர்ந்த மரம் அவ்வளவாகப் பிடிக்காது. காட்டுக்கு நடுவில், வரப்பில், கிணற்றடியில், களத்து மேட்டில் தனியாக நிற்கிற பெரிய மரம்தான் வேண்டும். நாலு பக்கமும் தெரிய வேண்டும், யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வேம்பு, புளி, மா, வாகை, பலா எதுவானாலும் சரி. மரம் கிடைக்காவிட்டால் மின்கம்பத்தில் கட்டுவதும் உண்டு.

கூடு கட்டுவதில் இரண்டுக்கும் பங்கு உண்டு. ஏறக்குறைய ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும். கிளையின் நுனிப்பக்கம் கவட்டையாகப் பிரிகிற இடத்தில், தரையிலிருந்து 4 முதல் 12 மீட்டர் உயரத்தில், மெல்லிய குச்சி, புல், நார் இவற்றை வைத்துச் சின்னக் கிண்ணம் மாதிரி அமைக்கும். சிலந்தி வலையைக் கொண்டுவந்து சுற்றிச் சுற்றி ஒட்டும். நம்ம ஆள் சிமெண்டு பூசுகிற மாதிரி. ஆனால் அடிப்பாகம் மிகவும் மெல்லிசு. கீழே நின்று பார்த்தால் சில கூடுகளில் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். தூக்கணாங்குருவியின் கைவேலைக்கு முன்னால் இது ஏழை வீடுதான். பஞ்சு, மயிர் என்று உள்ளே மெத்தை எதுவும் கிடையாது.

இவ்வளவு மெலிந்த கூடு நுனிக்கிளையில் ஏன் என்று கேட்டால், அதில்தான் பாதுகாப்பு இருக்கிறது. பூனையோ அணிலோ கனமான பாம்போ நுனி வரைக்கும் எளிதில் வராது. வந்தால் கிளை ஆடும், உட்கார்ந்திருக்கும் தாய்க்குத் தெரிந்துவிடும். ஆனால் தொரட்டி போட்டு இழுக்கிற மனிதனுக்கு முதலில் அகப்படுவதும் இந்த நுனிக்கிளைதான். அதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

முட்டை 3 அல்லது 4 இருக்கும். வெளுத்த நிறம் அல்லது இளஞ்சிவப்பு, மேலே செம்பழுப்புப் புள்ளிகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். 14, 15 நாளில் குஞ்சு பொரிக்கும். கண் திறக்காத, மயிரில்லாத குஞ்சுகள். முதல் ஐந்து நாளைக்கு ஒருவர் மாற்றி ஒருவர் சூடு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் சூடு எதற்கு என்கிறீர்களா? அந்த வெயிலுக்கு நிழல் கொடுக்கவும் தாய் கூட்டின் மேல் நிற்கத்தான் வேண்டும். கிளையைக் கழித்துவிட்டு, ‘கூட்டைத் தொடவில்லை, அதைச் சுற்றித்தான் வெட்டினேன்’ என்று சிலர் சொல்வார்கள். கூடு இருக்கும், நிழல் போய்விடும். உச்சிவெயில் நேரே பட்டால் குஞ்சு தாங்காது.

ஐந்து நாளைக்குப் பிறகு இறகு முளைக்கத் தொடங்கும். அப்புறம் இரண்டு பேருமே இரை தேடப் போய்விடுவார்கள். அந்த நாட்களில்தான் நமக்கு லாபம் அதிகம். விடிந்தது முதல் இருட்டும் வரை ஓயாமல் வெட்டுக்கிளி, தத்துக்கிளி, பாச்சை, வண்டு, அந்துப்பூச்சி, புழு என்று கொண்டுவந்து வாயில் திணித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் வேலையெல்லாம் விட்டுவிட்டு மரத்தடியில் கட்டிலைப் போட்டு எண்ணிப் பாருங்கள். நான் சொல்கிற கணக்கை நம்புவதைவிட நீங்களே எண்ணினால் மனதில் நிற்கும்.

பொரித்து இரண்டரை, மூன்று வாரத்தில் குஞ்சுகள் கூட்டை விட்டுக் கிளைக்கு வந்துவிடும். அப்போது வால் குட்டையாக இருக்கும், கவட்டை சரியாகத் தெரியாது. வயிற்றில் வெள்ளை வரி வரியாக இருக்கும். ‘இது வேற ஏதோ குருவி சார்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. வேறு இல்லை, அதே வீட்டுப் பிள்ளைகள். பறக்கக் கற்ற பிறகும் பல நாள் தாய் தகப்பன் பின்னாலேயே கத்திக்கொண்டு திரியும். பெற்றவர்களும் ஊட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

கூடு கட்ட ஒரு வாரம், அடைகாக்க இரண்டு வாரம், வளர்க்க மூன்று வாரம். கூட்டிப் பார்த்தால் ஆறு வாரம். அந்த ஒரு மரத்தை, அல்லது அந்த மரத்தில் அந்த ஒரு பக்கத்தை, ஆறு வாரம் விட்டுவைத்தால் போதும். அதற்குள் மற்ற மரத்துத் தழையைக் கொடுக்கலாம். அகத்தி, சூபாபுல் வைத்திருந்தால் இன்னும் நல்லது. தீவனத்துக்கு என்றே கிணற்று ஓரத்தில் நாலு வரிசை அகத்தி போட்டிருக்கும் வீட்டில் வேம்பில் ஏறவேண்டிய அவசியமே வருவதில்லை.

வேலை செய்பவர் மரத்தில் ஏறினால் இது சும்மா இருக்காது. சுற்றிச் சுற்றிப் பறந்து தலையில் அடிக்கும். கூட்டுக்காலத்தில் இதற்குப் பயம் என்பதே கிடையாது. காக்கை, பருந்து, வல்லூறு எதுவானாலும் எல்லைக்குள் வந்தால் மேலேயிருந்து பாய்ந்து முதுகில் கொத்தி விரட்டிவிடும். தன்னைப்போலப் பல மடங்கு பெரிய பருந்து இந்தச் சின்னவனுக்குப் பயந்து ஓடுவதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இங்கிலீஷில் இதற்குக் காக்கைக்கு ராஜா என்று ஒரு பெயரே உண்டு.

இந்தச் சண்டைக்காரன் இருக்கும் மரத்தில் சாதுப் பறவைகள் வந்து குடியேறுவதுதான் வேடிக்கை. கொண்டலாத்தி, மாங்குயில், புறா, தவிட்டுக்குருவி எல்லாம் கரிக்குருவி கூடு கட்டிய மரத்திலோ பக்கத்து மரத்திலோ கூடு கட்டும். முட்டை திருடுகிற காக்கை அந்தப் பக்கம் வராது அல்லவா? அந்த மரத்தை வெட்டினால் போகிறது ஒரு கூடு மட்டும் இல்லை, ஒரு தெருவே போகிறது. இதில் தவிட்டுக்குருவியும் கொண்டலாத்தியும் நம் காட்டில் பூச்சி பிடிக்கிறவைதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் மதுரைக் கதை ஒன்றை நினைவுபடுத்தாமல் போக மனம் வரவில்லை. திருவிளையாடல் புராணத்தில் கரிக்குருவிக்கு உபதேசம் செய்த படலம் என்று ஒன்று இருக்கிறது. காக்கை முதலான பறவைகளிடம் கொத்துப்பட்டு, தலையில் காயத்தோடு பறந்து வந்த கரிக்குருவி ஒன்று மதுரைக்கு வந்து பொற்றாமரையில் மூழ்கிச் சொக்கநாதரை வழிபட்டது. இறைவன் மந்திரம் உபதேசித்து அதன் இனத்துக்கே வலிமை கொடுத்து ‘வலியான்’ ஆக்கினார் என்பது கதை. ஆவணி மூலத் திருவிழாவில் இதை லீலையாக இன்றும் மதுரையில் நடத்துகிறார்கள். நம் ஊரிலிருந்து 60 கிலோமீட்டர்தான், வண்டி கட்டிப் போய்ப் பார்த்த பெரியவர்கள் இருப்பீர்கள். கதையைக் கதையாகவே வைத்துக்கொண்டாலும், காக்கையைச் சின்னப் பறவை விரட்டுவதை அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு கவனித்திருந்தால் இப்படி ஒரு படலம் பிறந்திருக்கும்!

இப்போது பயிருக்கு வருகிறேன்.

கரிக்குருவியின் வழக்கம் என்ன? உயரமான ஓர் இடத்தில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்ப்பது. அசைவு தெரிந்ததும் பாய்ந்து பிடிப்பது. திரும்ப வந்து உட்கார்ந்து தின்பது. உட்கார இடம் இல்லையானால் அந்த நிலத்துக்கு அது வராது. நிலக்கடலை, பருத்தி, வெங்காயம், தக்காளி, மிளகாய் போட்ட நிலங்களில் நடுவில் மரம் இருக்காது. ஆகவேதான் பறவைத் தாங்கி வைக்கச் சொல்லுகிறோம். ஏக்கருக்கு 20, ஹெக்டேருக்கு 50 என்பது சிபாரிசு. செலவு ஒன்றுமில்லை. உதிர்ந்த தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலே போதும். அல்லது ஒரு குச்சியின் தலையில் குறுக்குக் குச்சி கட்டி, ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி நடுங்கள். பயிரின் உயரத்தைவிட ஒன்று, இரண்டு அடி மேலே நிற்க வேண்டும். பயிருக்குள் மறைந்துபோனால் பிரயோசனமில்லை. வைக்கிறவர்கள் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு நடுவை விட்டுவிடுகிறார்கள். வெட்டுக்கிளி நடுவிலும் இருக்கிறதே ஐயா, நடுவிலும் வையுங்கள்.

‘சார், தாங்கி வச்சா மைனாவும் கிளியும் வந்து உட்காந்து கதிரைத் திங்குமே’ என்று ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. கரிக்குருவி தானியம் தின்னாது. ஆனால் தாங்கியில் யார் உட்காரலாம் என்று நாம் பலகை எழுதி மாட்ட முடியாது. ஆகவே சோளம், கம்பு மாதிரித் தானியப் பயிரில் கதிர் பால் பிடிக்கும் முன்பே தாங்கியைப் பிடுங்கிவிடுங்கள். கடலைக்கும் பருத்திக்கும் அந்தத் தொல்லை இல்லை, கடைசி வரை நிற்கட்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கரிக்குருவி இருந்தால் மருந்தே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பருத்திக் காய்க்குள்ளே போய்விட்ட புழுவை அது என்ன செய்யும்? 2018 முதல் மக்காச்சோளத்தைப் பிடித்து ஆட்டுகிற படைப்புழு குருத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. அங்கே இதன் அலகு சுலபத்தில் எட்டாது. வெளியில் திரிகிற பூச்சி, பறக்கிற அந்து, தரையில் ஊர்கிற புழு, இவைதான் இதன் பங்கு. நல்லது செய்கிற தட்டானையும் தின்னும், தேனீயையும் தின்னும். தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் தாங்கி நடவேண்டாம். இருந்தும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வரவுதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். முள்முருங்கையும் இலவும் பூக்கும்போது தேன் குடிக்கப் போய் மகரந்தமும் சுமந்து வருகிறது, அது வேறு.

மருந்து விஷயத்தில்தான் எனக்குக் கவலை. மாசிப்பட்டத்துப் பருத்தியும் கோடைக் கடலையும் காய்கறியும் நிலத்தில் நிற்கிற காலமும், கரிக்குருவி குஞ்சு வளர்க்கிற காலமும் ஒன்றாகவே வருகின்றன. மருந்து பட்ட பூச்சி உடனே சாகாது. தடுமாறும், மெதுவாகப் பறக்கும். பறவைக்கு அதுதான் சுலபமான இரை. கொண்டுபோய்க் குஞ்சு வாயில் வைக்கும். எல்லா மருந்தும் ஒன்று இல்லை. மோனோகுரோட்டோபாஸ் பறவைகளுக்கு மிகக் கொடியது. அர்ஜென்டினா நாட்டில் 1995, 1996 வாக்கில் வெட்டுக்கிளிக்கு அந்த மருந்தை அடித்த நிலங்களில் வெட்டுக்கிளி தின்ன வந்த பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. வட அமெரிக்காவிலிருந்து அத்தனை ஆயிரம் மைல் பறந்து வந்த பருந்துகள் அவை. நம் நாட்டில் காய்கறிப் பயிர்களுக்கு அந்த மருந்தை 2005 முதல் தடை செய்திருக்கிறார்கள். பழைய டப்பா மூலையில் கிடக்கிறதே என்று கத்தரிக்கோ வெண்டைக்கோ ஊற்றாதீர்கள். அது குருவிக்காக மட்டும் சொல்வதில்லை, அந்தக் கத்தரிக்காயைத் தின்னப்போவது நம் பிள்ளைகள்.

ஆகவே பூச்சியைப் பார்த்த அன்றே விசைத்தெளிப்பானைத் தூக்காமல், செடிக்கு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முதல் தெளிப்புக்கு வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் போதும்: 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு, இடித்து ஒரு ராத்திரி ஊறவைத்து, வடிகட்டிக் கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். கடலையில் வரப்போரம் ஆமணக்கு போட்டால் புகையிலைப் புழுவின் அந்து அதில் வந்து முட்டையிடும். அந்த இலையைக் கிள்ளி அழித்துவிடலாம். ஓங்கி வளர்ந்த ஆமணக்குக் கொம்பு கரிக்குருவிக்கும் ஆசனம். ரசாயன மருந்து அடித்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரிடம் பெயரும் அளவும் கேட்டு அடியுங்கள். கூடு இருக்கும் மரத்தை ஒட்டிய வரிசைகளைக் கடைசியாக வைத்துக்கொண்டு, காற்று மரத்தின் பக்கம் வீசாத நேரமாகப் பாருங்கள்.

காற்றடித்துக் குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. கையால் தொட்டால் தாய் சேர்க்காது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியல்ல. கூடு எட்டுகிற உயரத்தில் இருந்தால் எடுத்து மெதுவாகக் கூட்டிலேயே வைத்துவிடலாம். எட்டாவிட்டால் ஒரு பழைய சின்னக் கூடையில் காய்ந்த புல்லைப் போட்டு, குஞ்சை வைத்து, அதே மரத்தில் நிழலான கிளையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். குரல் கேட்டுத் தாய் வந்து ஊட்டும். இறகு முளைத்துக் கிளையில் தத்துகிற குஞ்சானால் அதற்கு உதவியே தேவையில்லை, பூனையையும் நாயையும் கொஞ்ச நேரம் கட்டிப் போட்டால் போதும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோறு ஊட்டுகிற பிள்ளைகளைத் தடுத்துவிடுங்கள். சோற்றில் அது பிழைக்காது.

வரப்பில் மரமே இல்லாதவர்கள் இந்த ஆடி, ஆவணி மழைக்கு ஏக்கருக்கு இரண்டு கன்றாவது வையுங்கள். பயிருக்கு நிழல் விழுமே என்கிறவர்கள் வடக்கு வரப்பில் வைத்தால் ஆண்டின் பெரும்பகுதி நிழல் வெளிப்பக்கமே சாயும். வேம்பு எங்கள் செம்மண்ணுக்கு நன்றாக வரும், தண்ணீரும் அதிகம் கேட்காது. கன்று வளர்ந்து கவட்டை விடும் வரை, தாங்கிக் குச்சியை நடுங்கள். கூட்டை இந்த ஆண்டு பார்த்தவர்கள், எந்த மரம், எந்த மாதம், எத்தனை குஞ்சு என்று ஒரு சீட்டில் குறித்து, அடுத்த முறை உழவர் விவாதக் குழு கூடும்போது கொண்டுவாருங்கள். வேடசந்தூர்க் கரிசலிலும் நத்தம் மாந்தோப்பிலும் நிலக்கோட்டைப் பூக்காட்டிலும் ஒரே நாளிலா கட்டுகிறது, முன்பின்னாகவா என்று பேசிப் பார்ப்போம்.